எழுந்து போகச் சொன்ன சத்தம்

“ஆண்டவர் உணர்த்தினார்” என்பது எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் தெரியும். உலை வைக்கும்போதெல்லாம் ஆச்சி ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைப் பானையில் போடுவாள். சில நாள் இன்னொரு பிடியும் விழும். கேட்டால், “ஆண்டவர் உணர்த்தினார் மக்கா” என்பாள். யாரும் பேசி நான் கேட்கவில்லையே என்று அடுப்படியைச் சுற்றிப் பார்ப்பேன்.

ஓய்வுநாள் பள்ளியில் சாமுவேலின் கதையைக் கேட்டதிலிருந்து அந்த ஏக்கம் கூடிப்போனது. ஆலயத்தில் படுத்திருந்த சிறுவனைக் கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவனோ ஆசாரியனாகிய ஏலிதான் அழைக்கிறார் என்று எழுந்து எழுந்து ஓடுகிறான். என் பேரையும் ஒருநாள் சொல்லமாட்டாரா என்று திண்ணையில் விழித்துக் கிடந்தேன். ஓலை உரசுவதும் தாத்தாவின் குறட்டையும்தான் கேட்டன.

பதநீர்க் காலத்தில் ஆச்சியின் பகலெல்லாம் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் கழியும். சுண்ணாம்பு தடவிய கலயங்களில் தாத்தா இறக்கி வரும் பதநீரை வடிகட்டி அடுப்பில் ஏற்றுவாள். பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். நேரம் ஆக ஆகக் கொதிக்கும் சத்தம் கனக்கும். ஆச்சி முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுப்பாள். கருப்பட்டிக்கு அதுதான் பதம். சிரட்டைகளில் ஊற்ற நான் ஓடவேண்டும்.

“பாக்காமலே எப்படி ஆச்சி தெரியுது?”

“எத்தன வருசமா இந்த அடுப்பு முன்னால இருக்கேன்! கேட்டுக் கேட்டுப் பழகுனதுதான். ஆண்டவர் சத்தமும் அப்படித்தான்.”

அந்தப் பழக்கத்துக்கு அவள் வைத்திருந்த வழி, மாலையில் விளக்கேற்றியதும் நடக்கும் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், நாங்கள் மனப்பாடமாகச் சொல்லவேண்டிய ஒரு வசனம். வசனம் எதற்கு என்று நாங்கள் சிணுங்கினால் தோனாவூர் அம்மாவின் கதையைச் சொல்வாள். அந்த அம்மா, ஏமி கார்மைக்கேல், 1867-ல் வட அயர்லாந்தில் பிறந்தவர். இளம்பெண்ணாக பெல்பாஸ்ட் நகரில் இருந்தபோது, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தம்பிமாரோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஓர் ஏழை மூதாட்டி பாரமான மூட்டையோடு தடுமாறினாள். மூவரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள். கௌரவமான சபையார் பார்க்கிறார்களே என்று முகம் சிவந்தது. தெருவில் இருந்த ஒரு நீரூற்றைத் தாண்டும்போது, மனிதனுடைய வேலைப்பாட்டை அக்கினி சோதிக்கும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனங்கள் யாரோ பக்கத்தில் நின்று சொன்னதுபோலக் கேட்டன. திரும்பிப் பார்த்தார். ஊற்றும், சேற்றுத் தெருவும், போகிறவர்களும்தான் இருந்தார்கள். அன்று பிற்பகல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு தனித்திருந்தார். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் தோனாவூரில் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

“அந்த வசனம் அவங்களுக்குள்ள முன்னமே கிடந்துச்சு. உள்ள கிடக்கிறத எடுத்துத்தான் ஆண்டவர் பேசுவார். ஒண்ணுமே போட்டு வைக்கலன்னா எதை எடுப்பார்?” என்பாள் ஆச்சி.

அவள் சொன்னதை நான் கண்ணாலேயே கண்டது ஒரு குடும்ப ஜெபத்தின்போதுதான். அடுத்த வீட்டுப் பெரியம்மாவோடு வேலியோரத்து முருங்கை மரத்தால் சண்டை வந்து, பல மாதமாகப் பேச்சு இல்லை. அன்றைக்கு எல்லோரும் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடனாளிகளை மன்னிக்கிற இடம் வந்ததும் ஆச்சியின் குரல் நின்றுவிட்டது. நாங்கள் கண்ணைத் திறந்தோம். அவள் எழுந்தாள். புதுக் கருப்பட்டி நாலைந்தை ஓலைப்பெட்டியில் எடுத்து, அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்து, “வா மக்கா” என்றாள்.

பெரியம்மா கதவைத் திறந்தாள். ஆச்சி பெட்டியை நீட்டி, “நீ வராட்டா நா வரக்கூடாதா தாயி?” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. பெரியம்மா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து, விட்டுப்போன அத்தனை மாதங்களின் கதையையும் பேசினார்கள்.

திரும்பும் வழியில் கேட்டேன். “ஆண்டவர் பேசினாரா ஆச்சி?”

“பேசாமலா நா எந்திச்சேன்?”

“அவர் சத்தம்னு எப்படித் தெரியும்?”

“அவ வரட்டும், நா எதுக்குப் போகணும்னு இத்தன மாசமா ஒரு சத்தம் சொல்லிச்சு. அது என் சத்தம். அத நல்லாத் தெரியும் எனக்கு. எந்திச்சுப் போன்னு சொன்னது என் சத்தமில்ல. எனக்கு அப்படிச் சொல்ல வராது.”

வளர்ந்தபின் நான் கேட்ட பிரசங்கங்கள் பல. இந்தப் பதிலுக்கு மேல் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எப்போதும் என் பக்கமே பேசி, என் கோபத்துக்கு நியாயம் தேடித்தருவது என் சத்தம். வேதத்தோடு ஒத்து, என்னை இன்னொருவர் வாசலுக்கு அனுப்புவது அவர் சத்தம். “ஆண்டவர் எனக்குச் சொன்னார்” என்று பிறருடைய திருமணத்தையும் பணத்தையும் தீர்மானிக்க வருகிறவர்களையும் இதை வைத்தே நிதானிக்கிறேன். அவர் சத்தம் எழுந்து போகச் சொல்லும் என்பது ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசிக்கும் நடந்தது. காற்றிலும் பூமி அதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இல்லை. பின்பு வந்த மெல்லிய சத்தம் அவனை அந்தக் கெபியிலேயே தங்கவிடவில்லை. செய்யவேண்டிய வேலைகளைச் சொல்லி, வந்த வழியே திருப்பி அனுப்பியது.

“ஆண்டவர் என்னோடு பேசுவதே இல்லை” என்று வருந்துகிற பிள்ளைகள் என்னிடம் வருவதுண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: யாரிடமாவது போய்ப் பேசவேண்டும், எதையாவது திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று உனக்குள் ஏற்கெனவே தெரிந்த காரியம் ஏதும் செய்யாமல் கிடக்கிறதா? கிடந்தால், அதை இன்றைக்கே செய். கீழ்ப்படியக் கீழ்ப்படியத்தான் காது பழகும்.