கத்தரி படாத மரம்

டோக்கியோவுக்கு வடக்கே, சைதாமா நகரத்தில் இருக்கிறது ஓமியா போன்சாய் கிராமம். பெயரில்தான் கிராமம், இன்று அது மரங்கள் அடர்ந்த அமைதியான குடியிருப்புப் பகுதி. 1923 பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் சிலர் நல்ல தண்ணீர், சுத்தமான காற்று, விரிந்த நிலம் தேடி இங்கே வந்தார்கள். 1925இல் கிராமம் உருவானது. குடியேறுகிறவரிடம் குறைந்தது பத்து போன்சாயாவது இருக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, மதிலுக்குப் பதில் உயிர்வேலி, வாசல் எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அப்படித் திறந்திருந்த ஒரு போன்சாய்த் தோட்டத்து வாசல் வழியாகத்தான் மார்ச் மாதத்துக் குளிரில் நண்பருடன் உள்ளே போனேன். அவர்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளரும்.

முன்வரிசைப் பலகைகளில் நேர்த்தியான மரங்கள். ஆனால் என்னை நிற்க வைத்தது கொல்லைப்பக்கம் இருந்த ஒரு கறுப்புப் பைன். மற்ற மரங்களின் ஊசிகள் குட்டையாக, ஒரே அளவில் நிற்க, இதன் ஊசிகள் மட்டும் நீண்டு பரட்டையாகக் கிடந்தன. உள்கிளைகளில் பாதி மொட்டை. தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

நோயாளி மரங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அதன் கதையைச் சொன்னார். வெளியார் தங்கள் மரங்களைப் பராமரிப்புக்கு இந்தத் தோட்டங்களில் விட்டுவைப்பது வழக்கம். இதுவும் அப்படி வந்ததுதான். பல ஆண்டுகளாக மண் மாற்றாததால் மண் நொறுங்கிச் சேறாக இறுகிவிட்டது. வேருக்குக் காற்று இல்லை. மரம் வெளுக்கிறதே என்று சொந்தக்காரர் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினார், உரமும் வைத்தார். பைன் தன் நோயை உடனே காட்டிக்கொடுக்காது. வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் ஊசி பச்சையாகவே நிற்கும். கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடும். இது தப்பியது.

“வந்ததும் என்ன வைத்தியம் செய்தீர்கள்?”

“தொட்டியைச் சாய்த்தோம். உரத்தை நிறுத்தினோம். வெயிலில் வைத்தோம். அப்புறம் கிளையில் கை வைக்கவில்லை.”

கை வைக்காமல் இருப்பது இந்தத் தொழிலில் எவ்வளவு கடினம் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. நல்ல உடம்புள்ள கறுப்புப் பைனில் கோடைத் தொடக்கத்தில் புதுக்குருத்துகளை வெட்டிவிடுவார்கள். மரம் இரண்டாம் முறை தளிர்க்கும். அந்த ஊசிகள் குட்டையாக வரும். போன்சாய்ப் பைனின் அழகே அதில்தான். ஆனால் இரண்டாம் தளிருக்கு மரம் தன் சேமிப்பைச் செலவழிக்க வேண்டும். நலிந்த மரத்திடம் அந்தச் சேமிப்பு கிடையாது. அதனால் கத்தரியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், குருத்து ஓடும் வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நீண்ட ஊசி நிறைய வெயிலை வாங்கி, உணவாக்கி வேருக்கு அனுப்பும். ஒருவர் பல்லாண்டு செதுக்கிய உருவம் கண்ணெதிரே கலைவதை, கத்தரி பிடித்தே வாழ்ந்த கைகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கின்றன. முன்வரிசை மரங்களைவிட இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிய கலையாகப் பட்டது.

அன்று அந்தப் பைனுக்கு மண் மாற்றும் நாள். பலவீனமான பைனின் பழைய மண் முழுவதையும் ஒரே தடவையில் உதறக் கூடாது. இரண்டு வசந்தங்களுக்கு முன் ஒரு பாதி முடிந்திருந்தது, இன்று மறுபாதி. மரத்தைத் தொட்டியிலிருந்து தூக்கியதும் இரண்டு பாதிகளும் பக்கம் பக்கமாகத் தெரிந்தன. புது மண் இருந்த பக்கம் இளவேர்கள் வெளிறி ஓட, அவற்றைச் சுற்றி வெண்பூஞ்சை நூல்நூலாகப் படர்ந்திருந்தது. பைனுக்கு நீரும் சத்தும் உறிஞ்சித் தரும் கூட்டாளி அது. எதிர்ப்பக்கம் கறுத்த சேறு. அதிலிருந்த ஒரு வேரை அந்தப் பெண்மணி விரலால் இழுக்க, தோல் மட்டும் உறைபோலக் கழன்று வந்தது. மூங்கில் குச்சியால் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருடி எடுத்தார். செத்த வேரை நறுக்கினார். உயிருள்ள மெல்லிய வேர் ஒன்று குறுக்கே வந்தபோது குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் மண்ணை நீக்கினார்.

புது மண் அகடாமா: எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண் உருண்டைகள். நுரைக்கல் கலந்து, தூசி போகச் சலித்து வைத்திருந்தார்கள். குச்சியால் குத்திக் குத்தி வேர்களுக்கிடையே அதை இறக்கினார். மரம் அசைந்தால் புதுவேரின் நுனி ஒடியும் என்பதால் கம்பியால் தொட்டியோடு சேர்த்துக் கட்டினார். அடித்துளையில் தெளிந்த நீர் வரும்வரை தண்ணீர் ஊற்றினார்.

இந்த ஆண்டும் கத்தரி கிடையாது. வேர் பிடித்து, குளிர்காலத்தில் மொட்டுகள் பருத்தால்தான் கிளையைத் திருத்துவது பற்றிய பேச்சே. சொந்தக்காரர் அவ்வப்போது வந்து பார்க்கிறாராம். அகடாமா ஈரத்தில் கறுத்து, காய்ந்தால் வெளுக்கும். பயிற்சிக்கு வரும் இளைஞர்களைப் போல அவரும் இப்போது பூவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நிறம் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறார்.