அப்பா கடை கம்ப்யூட்டர் கண் விழிக்காத காலை!

காலை ஆறரைக்கு அப்பாவிடமிருந்து போன். "ஸ்க்ரீன் கறுப்பா இருக்கும்மா. ஏதோ இங்கிலீஷ்ல ஓடுது."

"எழுத்துக்கூட்டிப் படிங்கப்பா."

"ஜி... ஆர்... யு... பி..."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தின நாள் ராத்திரி, சென்னையில் இருந்தபடியே அப்பாவின் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் அப்டேட் போட்டது நான்தான். மறுநாள் குரூப் 4 தேர்வு. ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க வந்த பிள்ளைகள் எல்லாம் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி விடும்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

அதன்பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆன் ஆகாத கம்ப்யூட்டர், தனக்கு என்ன ஆச்சு என்று தானே சொல்லாது. எதிரில் உட்கார்ந்து யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும், அன்று அப்பா சொன்னதுபோல.

ஓப்பன்சூசே லினக்ஸ்காரர்கள் இந்த வேலையை 'ஓப்பன்கியூஏ' என்ற மென்பொருளிடம் விட்டிருக்கிறார்கள். ஃபெடோரா லினக்ஸும் இதைப் பயன்படுத்துகிறது. ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே மென்பொருளால் ஆன இன்னொரு கம்ப்யூட்டர். அதுதான் விர்ச்சுவல் மெஷின். அதில் புது லினக்ஸை ஏற்றி ஆன் செய்கிறது ஓப்பன்கியூஏ. என்டர் தட்டுகிறது, பாஸ்வேர்டு அடிக்கிறது. திரையில் வருவதைப் படம் பிடித்து, 'இப்படித்தான் வர வேண்டும்' என்று வைத்திருக்கும் படத்தோடு ஒப்பிடுகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் அந்தப் படம் வரவில்லையா? ஃபெயில்! இந்தச் சோதனைகளைத் தாண்டித்தான் ஓப்பன்சூசேவின் 'டம்பிள்வீட்' அப்டேட்கள் மக்களுக்குப் போகின்றன.

இந்தச் சோதனைகளை அவர்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆளே இல்லாமல் எழுத்துகள் தானாக விழுவதை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன் (சீரியல் பார்ப்பதைவிட மோசமான பழக்கம்).

நானும் என் லேப்டாப்பில் சின்னதாக ஒன்று செய்தேன். அப்பா கடையில் இருக்கும் அதே லினக்ஸ், விர்ச்சுவல் மெஷினில். முதல் நாளே ஃபெயில். லாகின் பக்கம் அழகாக வந்து நிற்கிறது, பிறகு ஏன்? மணி! மூலையில் ஓடும் கடிகாரம் ஒவ்வொரு முறையும் வேறு நேரம் காட்ட, படம் பொருந்தவில்லை. ஓப்பன்கியூஏவில் முழுத் திரையையும் ஒப்பிடாமல், தேவையான கட்டத்தை மட்டும் குறித்து வைப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது அப்டேட் வந்தால் அப்பா உடனே தொடுவதில்லை. எனக்குப் போன் வரும்.

"உன்னுது முழிச்சுக்கிச்சா?"

"முழிச்சுக்கிச்சுப்பா. போடுங்க."

"பிரின்டர் ஓடுமா?"

விர்ச்சுவல் மெஷினில் அவருடைய பழைய பிரின்டர் கிடையாது. "கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கப்பா" என்றேன்.