லோகோவுக்கு முன்னாடியா, பின்னாடியா?

அந்தக் கார்டின் விலை 1,400 ரூபாய். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு தகடு, அதில் நான்கு சாட்டா முனைகள். அலமாரி நிறையப் பழைய ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்னைப் போன்றவனுக்கு இது போதாதா என்று வாங்கினேன். சிபியுவைத் திறந்து ஸ்லாட்டில் செருகி, இரண்டு பழைய டிஸ்க்குகளை அதில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். அதுவரை அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடும் சிஸ்டம், அன்றிலிருந்து நான் காபி கலந்து எடுத்துவரும் வரை எழவில்லை. எழுந்த பிறகு ஒரு குறையும் கிடையாது, ஓட்டமாக ஓடும். எழுவதற்குத்தான் அத்தனை சிணுங்கல்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் சிபியுவைத் திறக்கக்கூட இல்லை. "ஓ.எஸ். கரப்ட் ஆயிருக்கும் சார், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார். நம் ஊர் கம்ப்யூட்டர் வைத்தியத்தில் ஃபார்மட் என்பது பாராசிட்டமால் மாதிரி. எது வந்தாலும் முதலில் அதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் ரிச்சி தெரு. தில்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்றால் சென்னைக்கு அண்ணா சாலையின் முதுகுப்புறம் இருக்கும் இந்தத் தெருவும் நரசிங்கபுரம் தெருவும். கேபிள் சுருள்கள், அட்டைப் பெட்டிகள், கைவண்டி, அவற்றின் நடுவே நுழைந்து வரும் பைக், "லேப்டாப்பா சார், சிசிடிவியா சார்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் பையன்கள். நான் தேடிப் போன கடைக்குக் கீழே போர்டு கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி இறங்க வேண்டிய மாடிப்படி. மேலே பத்துக்கு எட்டு அடி அறை.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர். ரேடியோ, டிவி ரிப்பேரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். மேஜைமேல் ரப்பர் ஷீட், காந்த முனை ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் அடிக்கும் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர் ஒன்று. ஸ்க்ரூக்கள் ரகவாரியாகப் பிரிந்து ஊறுகாய் பாட்டில்களில் இருந்தன. உதவிக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன், ஐ.டி.ஐ. முடித்தவன்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் கேட்ட முதல் கேள்வி: "லேட் ஆகுறது விண்டோஸ் லோகோவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எனக்குத் தெரியவில்லை. மொத்தத்தில் லேட் என்றேன்.

"கார்டு எங்க?"

கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆட்டோவில் ஆடி உடைந்துவிடக் கூடாதே என்று கார்டையும் டிஸ்க்குகளையும் தனியாகக் கழற்றிப் பத்திரமாக எடுத்துப் போயிருந்தேன். பாராட்டுவார் என்று பார்த்தால் பாய் நெற்றியைத் தேய்த்தார். "காய்ச்சலோட வந்தாத்தானே சார் காய்ச்சலைப் பார்க்க முடியும்? தம்பி, மறுபடி மாட்டுப்பா. சார் எந்த ஸ்லாட்ல வச்சிருந்தாரோ அதே ஸ்லாட்."

பையன் பவர் கேபிளைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினான், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் அப்போதுதான் வடியும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கார்டைத் தொட்டான். கார்டின் தங்க நிற விரல்களை வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் நான்கு இழுப்பு தேய்த்து, பிரஷால் தூசியைத் தட்டிச் செருகினான். நான் வீட்டில் இதில் ஒன்றையும் செய்திருக்கவில்லை.

பாய் செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தார். பில் புத்தகத்தின் பின் அட்டையில் கோடு போட்டுக்கொண்டார். எனக்கு அந்தக் கடையில் பிடித்துப்போனது இதுதான். நம்மில் பெரும்பாலானோர் 'ரொம்ப நேரம் ஆகுது' என்போம். அவர் வினாடியாக எழுதினார்.

ஆன் செய்ததும் மதர்போர்டு கம்பெனியின் படம் வந்தது. பிறகு கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் கார்டின் சிப் பெயர், நகராமல் நிற்கும் ஒரு கோடு. வீட்டில் அந்த நேரம் நான் சமையலறையில் இருப்பேன் என்பதால் இதைப் பார்த்ததே இல்லை. கடைசியில் டெஸ்க்டாப் வந்தபோது 110 வினாடி. பாய் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பக்கத்தின் மேல் மூலையைத் தொட்டுக் காட்டினார். 'லாஸ்ட் பயாஸ் டைம்' 68 வினாடி. விண்டோஸ் கையில் சாவி போவதற்கு முன்பே போர்டு தின்றுவிட்ட நேரம் அது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்த எண் அங்கேதான் இருக்கிறது; நான் கவனித்ததில்லை.

"இந்த 68ஐ ஃபார்மட் அடிச்சா குறைக்க முடியுமா? ஓ.எஸ். இன்னும் வரவே இல்லையே" என்றார்.

கறுப்புத் திரைக்குக் கொஞ்சம் பூர்வகதை உண்டு. கம்ப்யூட்டர் விழித்ததும், போர்டில் முதலில் ஓடும் புரோகிராமான பயாஸ் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போய், 'உன்னிடம் சொந்தமாக ஏதாவது புரோகிராம் இருக்கிறதா?' என்று கேட்கும். கார்டில் ஒரு சிறிய சிப் இருக்கும், அதில் இருப்பது ஆப்ஷன் ராம். அதன் தலைப்பில் 55, ஏஏ என்ற இரண்டு பைட் அடையாளம் இருந்தால், 'சரி, உன் வேலையை முடித்துக்கொள்' என்று பயாஸ் வழிவிட்டு நிற்கும். 1983இல் ஐ.பி.எம். எக்ஸ்.டி. கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது, அந்த டிஸ்க்கை எழுப்பியது இந்த வழியில்தான். நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. ஸ்லாட்டின் வடிவம் எத்தனையோ முறை மாறிவிட்டது. 55 ஏஏ மட்டும் அப்படியே இருக்கிறது. கார்டு தன் வேலையை முடித்துத் திரும்பும்வரை மற்ற எல்லாமே காத்திருக்க வேண்டியதுதான்.

"அப்ப கார்டுதானே பாய் பிரச்சினை? அது வந்த பிறகுதானே லேட் ஆகுது?"

"கார்டு வந்தப்போ கூட யார் யார் வந்தாங்க?"

இரண்டு டிஸ்க்குகள். அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நடந்தது முழுக்கக் கழிப்பதும் கூட்டுவதும். கார்டையும் கழற்றி, டிஸ்க்கையும் எடுத்து ஆன் செய்தால்: பயாஸ் 11, மொத்தம் 24. வெறும் கார்டு மட்டும்: பயாஸ் 23, மொத்தம் 36. ஆக, கார்டின் சொந்தத் தேடலுக்கு 12 வினாடி. அதில் முதல் டிஸ்க்கை மாட்டினால் இன்னும் நான்கு வினாடி கூடியது. முதல் டிஸ்க்கை எடுத்துவிட்டு, 2009இல் வாங்கிய 320 ஜி.பி. டிஸ்க்கை மாட்டியதும் பயாஸ் 60ஐத் தாண்டியது. பையன் சாட்டா கேபிளை மாற்றினான், அதே கதை. கடைசியாகக் கார்டையே ஓரம் கட்டி, அந்த டிஸ்க்கை நேராகப் போர்டில் செருகினார்கள். அங்கும் 50 வினாடி நின்றது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணோடு மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. டிஸ்க்கிடமிருந்து பதில் வராததால் அதை ரீசெட் செய்ததாக விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறிய புரோகிராமை ஓட்டியபோது அந்த டிஸ்க்குக்கு எதிரேயும் மஞ்சள். சில செக்டார்களைப் படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறது.

"சிஸ்டம் ஸ்லோ இல்ல சார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, பதிலுக்காக நிக்குது. உங்க டிஸ்க்குக்குக் காது போயிடுச்சு."

மீதியிருந்த 12 வினாடிக்கு பயாஸுக்குள் போனார். ஸ்டோரேஜ் ஆப்ஷன் ராம் என்ற வரியில் 'லாஞ்ச் செய்யாதே' என்று மாற்றினார். என் விண்டோஸ் இருப்பது போர்டில் உள்ள எஸ்.எஸ்.டி.யில். கார்டிலுள்ள டிஸ்க்கிலிருந்து பூட் ஆக வேண்டியதில்லை என்றால் கார்டின் புரோகிராம் ஓடவே வேண்டாம். விண்டோஸ் எழுந்த பிறகு தன் டிரைவர் மூலம் கார்டைப் பார்த்துக்கொள்ளும். நல்ல டிஸ்க்கை மட்டும் கார்டில் விட்டு ஆன் செய்தோம். பயாஸ் 12, மொத்தம் 25.

டீ வந்தது. பாய் இப்படிப் பார்த்த வேறு கேஸ்களைச் சொன்னார். ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நெட்வொர்க் கார்டு போட்ட பிறகு தினமும் காலையில் ஒரு நிமிஷம் திரை நின்றதாம். கார்டு நெட்வொர்க் வழியாக பூட் ஆகப் பார்த்து, இல்லாத ஒரு சர்வரைத் தேடிக்கொண்டிருந்தது; பயாஸில் ஒரு வரி மாற்றியதும் சரி. சர்வர் ஸ்க்ராப்பில் சல்லிசாகக் கிடைக்கும், சர்வர் டிஸ்க்குகளுக்கான சாஸ் கார்டுகளை வாங்கி வீட்டு சிஸ்டத்தில் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்களும் உண்டு. "அந்தக் கார்டுங்க நிதானமாத்தான் எழும் சார். சர்வரை வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் ஆஃப் பண்ணுவாங்க, அதுக்கு அவசரம் எதுக்கு? அது நோயில்ல, சுபாவம்."

நான் இருந்தபோதே இன்னொருவர் வந்தார். டிஸ்ப்ளே வராத சிபியு. பையன் ரேமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினான், திரை வந்துவிட்டது. 200 ரூபாய் என்றதும் வந்தவருக்குக் கோபம். "ரப்பர் வச்சுத் தேய்ச்சதுக்கு இருநூறா?" புது ரேம் போட்டதாகச் சொல்லி 2,000 கேட்டிருந்தால் வாய் பேசாமல் கொடுத்திருப்பார் என்பது என் கணிப்பு. பாய் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார். பார்ட்ஸ் விற்றால் காசு, கோளாறைக் கண்டுபிடித்தால் பேரம். இந்தத் தொழிலின் வயிற்றில் அடிப்பது அதுதான். ஒன்றுமே பார்க்காமல் 'ஃபார்மட் அடிச்சிடலாம்' என்று சொல்லும் கடைகள் பெருகியதற்கு நம்முடைய பேரத்துக்கும் பங்கு உண்டு.

என்னிடம் அவர் கேட்டது 400. இரண்டு மணி நேர வேலை, மாற்றிய பார்ட்ஸ் பூஜ்யம். பேரம் பேசவில்லை. பழைய டிஸ்க்கைக் கையில் தந்து, "இதை இன்னிக்கு ராத்திரியே காப்பி எடுத்துடுங்க. நடுவுல ஆஃப் பண்ணிப் பண்ணி ஆன் பண்ணாதீங்க" என்றார். விடிய விடிய ஓடியது. இரண்டு ஃபோல்டர்கள் வரவில்லை.

புதிதாக எதையாவது மாட்டிய பிறகு உங்கள் சிஸ்டமும் தூங்கி வழிந்தால், கழற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் ஒருமுறை, காபி போட எழுந்து போகாமல் திரை முன் உட்கார்ந்து, லோகோவுக்கு முன்னால் எத்தனை வினாடி, பின்னால் எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். படியேறியதும் அதைத்தான் கேட்பார்.