அம்மாவின் கட்டைவிரல்

கழுத்தில் ஜவ்வு விலகிவிட்டது. உடனே ஆபரேஷனா, பொறுத்துப் பார்ப்பதா? எங்கள் வீட்டில் மூன்று வாரம் இதே பேச்சுதான். கேட்டதையும் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யார் வீட்டுக்காவது உதவும். நான் படிப்பது இன்ஜினியரிங், மருத்துவம் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள் மக்களே.

காடாம்புலியூர் தெரியாதவர்களுக்கு: பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் இருக்கிறது. பலா, முந்திரி விளைகிற ஊர். அம்மாவுக்கு முந்திரி வேலை. ஓடு உடைத்த பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரிக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், மணிக்கணக்கில். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. அதனால் விரலுக்குப் பதம் தெரிந்தாக வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்கிற வேலை அது. சரியாக அந்த இரண்டு விரலும்தான் மரத்துப் போயின. கூடவே தோளில் இருந்து முன்கை வரை கரண்ட் அடிக்கிற மாதிரி வலி. ராத்திரி தூக்கமே இல்லை. (இந்த வேலையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, வயசும் காரணம் என்றார் டாக்டர்.)

கை வலிக்கு ஏன் கழுத்தை ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கழுத்தில் எலும்பு 7. இரண்டாவது எலும்புக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஜவ்வு மெத்தை. வெளியே கெட்டி வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கினால் பக்கத்தில் கிளம்பும் நரம்பை அழுத்தும். 5-க்கும் 6-க்கும் நடுவில் என்றால் மாட்டுவது 6-ஆம் நரம்பு. அது போய்ச் சேருமிடம் கட்டைவிரல் பக்கம். அதற்குக் கீழ் ஜவ்வு என்றால் நடுவிரல். வயரிங் டயகிராம் மாதிரிதான்.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்ததுமே, "அடுத்த வாரமே பண்ணிடலாம்" என்றார். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். இரண்டாவது டாக்டர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், சுத்தியலால் தட்டினார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். "ஆறு வாரம் பார்ப்போம்மா" என்றார். வீட்டில் எல்லாரும் 'ஙே'!

அப்பா சீக்கிரம் முடித்துவிடலாம் என்கிறார். பெரியம்மாவோ, "கழுத்துல கத்தி வச்சா அப்புறம் பேச்சே வராது" என்கிறார். பக்கத்து வீட்டு மாமா சுளுக்கு வழிக்கிறவரைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார். (தயவுசெய்து வேண்டாம். ஜவ்வு பிதுங்கிய கழுத்தை வெடுக்கென்று திருப்புவது விளையாட்டு இல்லை. சலூன் சொடுக்கும் சேர்த்துத்தான்.)

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1990-ல் அமெரிக்காவில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 63 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 40 வயதைத் தாண்டியவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிந்ததாம். படம் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இவர்களையும் மேஜையில் ஏற்ற வேண்டியதுதான்.

எனக்கு அதிகம் பிடித்தது 1994-ல் வந்த ஆய்வு. எழுதிய குழுவில் முதல் பெயர் கே. ராதாகிருஷ்ணன், பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். மின்னசோட்டாவின் ராசெஸ்டர் ஊரில் கழுத்து நரம்பு அழுத்தம் வந்த 561 பேரின் கதையைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 26 சதவீதம். கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேருக்குத் தொந்தரவே இல்லை, அல்லது லேசாக மட்டும். ஆனால் சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வந்திருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 1997-ல் வந்த ஒரு சுவீடன் ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஒரு வருஷத்தில் பிசியோதெரபிகாரர்களும் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அதற்காக ஆபரேஷன் பூச்சாண்டி இல்லை. கழுத்தின் முன்பக்கம் சின்னதாகத் திறந்து, மூச்சுக்குழாயை ஓரம் ஒதுக்கி, ஜவ்வை எடுத்துவிட்டு எலும்புகளை இணைக்கிறார்கள். 1950-களில் இருந்து நடப்பதுதான். பெரியம்மா சொன்னதிலும் பாதி உண்மை: சிலருக்குக் குரல் கம்மும், விழுங்கச் சிரமமாக இருக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும். இணைத்த இடம் அசையாததால் மேல், கீழ் ஜவ்வுகளில் பின்னாளில் தொந்தரவு வரலாம். அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்டன் மேனிங் 2011-ல் இதே ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். 2016 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார்!

இரண்டாவது டாக்டர் ஏன் நடக்கச் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது. பிதுங்கல் கைக்குப் போகும் நரம்பை அழுத்துவது வேறு, நடுவில் போகும் தண்டுவடத்தையே அழுத்துவது வேறு. இரண்டாவது வகையில் வலியே இல்லாமல்கூட இருக்கலாம். சட்டைப் பொத்தான் போட வராது, நடை தள்ளாடும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அப்போது பொறுத்திருப்பது தப்பு. கையில் பலம் நாளுக்கு நாள் குறைந்தாலும் அப்படித்தான். அம்மாவுக்குத் தண்டுவடம் தப்பித்திருக்கிறது, பலமும் பெரிதாகக் குறையவில்லை.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். கழுத்து அவங்களுடையது. "ஆபரேஷன் பண்ணா மரப்பு போயிடுமா?" என்று ஒரே கேள்வி. டாக்டரிடம் கேட்டோம். வலி போக நல்ல வாய்ப்பு, மரப்புக்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றார். "அப்போ பொறுத்துப் பாக்கறேன் தம்பி."

ஞாயிற்றுக்கிழமைதோறும் சோதனை வைக்கிறேன். என் சட்டைக்கு ஐந்து பொத்தான் போட வேண்டும், கூடத்துத் தரையின் கோட்டில் நடக்க வேண்டும், என் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அன்றே ஆஸ்பத்திரி என்று பேச்சு. இப்போது ஐந்தாவது வாரம். வலி பாதிக்குப் பாதி குறைந்து, ராத்திரி தூங்குகிறார். கட்டைவிரல் இன்னும் மரப்புதான். அப்பா பழைய தையல் மெஷின் மேஜையைத் துடைத்து, பருப்புத் தட்டை அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறார். அம்மா இடது கையால் உரித்துப் பழகுகிறார். நிறைய உடைகிறது.