ஒரு கிரைட்டீரியா

ஆங்கிலத்தில் பன்மைக்கு ‘எஸ்’ சேர்த்தால் போதும் என்றுதான் தமிழ்ப்பள்ளியில் கற்றுக்கொண்டோம். பிறகு மேன் – மென், சைல்ட் – சில்ட்ரன் வந்தன. அவற்றை மனப்பாடம் செய்து சமாளித்துவிடலாம். பல்கலைக்கழகப் பாடநூல்களில்தான் இன்னொரு கூட்டம் எதிர்ப்படுகிறது. ஒன்று என்றால் கிரைட்டீரியன், பல என்றால் கிரைட்டீரியா. ஃபினாமினன், ஃபினாமினா. ஹைப்போதிசிஸ் பன்மையில் ஹைப்போதிசீஸ். ஓர் எழுத்து மாறுகிறது, வாயில் கடைசி அசை நீள்கிறது. இலையில் இருக்கும் நுண்துளை ஸ்டோமா. பல இருந்தால் ஸ்டோமாட்டா.

இவையெல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆங்கிலம் இந்தச் சொற்களைக் கடன் வாங்கியபோது பன்மை விகுதியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. கிரேக்கத்தில் ஆண்பால், பெண்பால் தவிர இரண்டும் அல்லாத மூன்றாவது பால் ஒன்று உண்டு. அதில் ‘ஆன்’ என்று முடியும் சொல், பன்மையில் ‘ஆ’ என்று முடியும். விதி அவ்வளவுதான். தெரிந்தால் ஐந்து நிமிஷப் பாடம். தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பினாங்கில் ஒரு கூட்ட அறையில் பார்த்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருக்கிறார். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் எழுதிய சோதனை அறிக்கையில் ‘திஸ் கிரைட்டீரியா இஸ் நாட் மெட்’ என்று ஒரு வரி. மேலாளர் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, “இது எந்த ஊர் இங்கிலீஷ்?” என்று கேட்டார். அறை சிரித்தது. அந்த வரி சொன்ன கோளாறைப் பற்றி அன்று யாரும் பேசவே இல்லை.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: “தப்பு எங்கன்னு சொன்னா திருத்திக்கப் போறேன், தங்கச்சி. எல்லாரும் சிரிச்சா நான் எதைத் திருத்துறது?”

அவர் இடைநிலைப்பள்ளியில் எல்லாப் பாடமும் மலாயில் படித்தவர். மலாயில் ‘கிரித்தேரியா’ ஒருமை. ‘ஃபெனோமெனா’வும் அப்படித்தான். பன்மை வடிவத்தையே எடுத்து ஒருமையாக வைத்துக்கொண்டார்கள். பல என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் புக்கு-புக்கு மாதிரி இரண்டு தடவை சொன்னால் போதும். இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். “அப்ப நான் மலாய்ல சரியாத்தான் எழுதியிருக்கேன்.”

அன்றிரவு எனக்கு மைக்கேல் ஃபாரடே ஞாபகம் வந்தார். மின்னியல் படித்த யாருக்கும் அவர் குலதெய்வம் மாதிரி. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். பெரிய படிப்பு கிடையாது. 1834இல் தன் கண்டுபிடிப்புகளுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஆனோடு, கேத்தோடு, அயான் எல்லாம் அந்தக் கடிதப் போக்குவரத்தில் வந்த சொற்கள். அயான் என்றால் கிரேக்கத்தில் ‘போவது’. கிரேக்க முறைப்படி அதன் பன்மை ‘அயான்டா’ என்பதுபோல் இருக்க வேண்டும். கிரேக்கம் படித்த ஹியூவலுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் வெறும் ‘எஸ்’ போட்டு அயான்ஸ் என்றே விட்டார்கள். பின்னால் வந்த எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் அதே ‘எஸ்’தான். யாரும் ‘எலக்ட்ரா’ என்று சொல்வதில்லை.

அப்படியானால் கிரைட்டீரியா மட்டும் ஏன் விறைப்பாக நிற்கிறது? சொல்லைத் தூக்கி வந்தது யார் என்பதில் இருக்கிறது விஷயம். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க 1920 வரை கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப் படித்தவர்கள் கொண்டுவந்த சொற்கள் சொந்த இலக்கணத்தோடு வந்து இறங்கின. நம் கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போயின. அவற்றைக் கொண்டுபோனவர்கள் கடலோடிகளும் வியாபாரிகளும். கட்டமரான்ஸ், செரூட்ஸ் என்றுதான் அகராதியில் இருக்கின்றன. ‘கள்’ விகுதியை யாரும் கேட்கவில்லை. மலாய்க்காரர்களும் நம் கடையை வாங்கி ‘கெடாய்-கெடாய்’ என்று பன்மையாக்கிக்கொண்டார்கள். இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஒரு சொல் போன வீட்டின் பழக்கத்துக்கு மாறுவதுதான் இயல்பு. மாறாத சிலவற்றை வைத்து மனிதனை அளப்பதுதான் உறுத்துகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய ஏதென்ஸ் கிரேக்கத்தில், அந்த மூன்றாம் பால் பன்மை எழுவாயாக வந்தால் வினை ஒருமையில்தான் வரும். பன்மைக்கு ‘ஆர்’ போடாமல் ‘இஸ்’ போடுவது மாதிரி. நாமும் பேசும்போது “நாலு மாடு வருது” என்கிறோம். “வருகின்றன” என்று யாரும் சொல்வதில்லை. அண்ணனின் வரியில் ‘திஸ்’ இடித்தாலும், ‘கிரைட்டீரியா இஸ்’ என்பது ஏதென்ஸ்காரன் காதுக்குப் பழகிய கட்டுமானம்தான்.

வாடிக்கையாளருக்குப் போகிற அறிக்கையில் கிரைட்டீரியன் என்றே இருக்கட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் அறிக்கையில் இந்தச் சொல் வந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்: ‘ஒன்று என்றால் ஆன், பல என்றால் ஆ. மலாயில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு.’ ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அண்ணன் இப்போது விடுவதாக இல்லை. போன வாரம், “டேட்டா ஒருமையா, பன்மையா?” என்று கேட்டார்.

“அது லத்தீன் அண்ணே. அதுல படிச்சவங்களே ரெண்டு கட்சி.”

“அப்ப அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க” என்றார்.