குள்ளஞ்சாவடி நிழலில் ஒரு தூளி

வழிப்போக்கர் இளைப்பாறும் இடத்திற்குச் சாவடி என்று பெயர். கடலூர் – விருத்தாசலம் சாலையிலுள்ள குள்ளஞ்சாவடி அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. ஆயினும், நெய்வேலியிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிய ஒரு சித்திரை நண்பகலில், நம்மையறியாமல் இமை மூடி, வண்டி சாலையை விட்டுச் செம்மண்ணில் இறங்கிய பிறகே நாம் அதைப் பொருட்படுத்தினோம். விழவில்லை, கைகள் மட்டும் நெடுநேரம் நடுங்கின.

அன்று முதல் நைலான் வலைத்தூளி ஒன்று நம் வண்டிப் பெட்டியில் இருக்கிறது. (ஐம்பது கடந்த குருவானவர் தூளியில் கிடப்பதைக் கண்டு ஆடு மேய்க்கும் சிறுவர்கள் சிரித்ததும் உண்டு.)

1492-இல் பஹாமாஸ் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அங்குள்ளோர் பருத்தி வலைகளில் உறங்குவதைக் குறித்து வைத்தார். இப்பகுதியை நிறைத்திருக்கும் முந்திரியும் அம்மேற்றிசைக் கண்டத்ததே. பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. ஆகவே இத்தோப்பில் தூளி அந்நியப் பொருளன்று.

கட்டும் முறையை நாம் முதுகு நோகக் கற்றோம். முதல் நாள் கட்டில்போல் விறைப்பாகக் கட்டினோம், முடிச்சு நழுவியது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், 70 கிலோ எடையுள்ளவரை ஏந்த ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 70 கிலோ இழுவைதான். 10 பாகையாகக் குறைந்தாலோ, அது 200 கிலோவாகிவிடும்! எனவே தளர்வாகக் கட்டி, சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகும் வளையாது. ஸ்கூட்டரை ஒரு தூணாகக் கருத வேண்டாம்; அது சாய்ந்துவிடும்.

தோப்புக்காரரிடம் கேட்காமல் கட்டலாகாது. மாசியில் ஒருநாள் தாழ்ந்த கிளையொன்றில் கயிற்றைப் போட்டபோது, மூதாட்டி ஒருவர் ஓடி வந்தார்.

“கிளையிலே வேணாம் சாமி, ஆட்டினா பூ உதிரும். அடிமரத்திலே கட்டுங்க.”

அடிமரத்திலும் மெல்லிய கயிறு பட்டையை அறுக்கும் என்பதால், பழைய வேட்டியை நான்காக மடித்துச் சுற்றினோம். அதைப் பார்த்த பின்னரே அவர் முகம் மலர்ந்தது.

2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த ‘தானே’ புயல், கடலூர் மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை வாசகர் அறிவர்.

“அதுக்கு முன்னே வந்திருந்தா எந்த மரத்திலே வேணும்னாலும் கட்டியிருக்கலாம் சாமி” என்றார் அம்மூதாட்டி. அவர் தோப்பில் அன்று எஞ்சியது ஒரே ஒரு பலா.

தூளியின் ஒரு முனையை அந்தப் பலாவிலும், மறுமுனையைப் புயலுக்குப் பின் அவர் நட்ட முந்திரியிலும் கட்டினோம். அரைமணி நேரம் உறங்கினோம். எழுந்தபோது அருகில் ஒரு செம்பு நீர் வைக்கப்பட்டிருந்தது.