போர் காட் ஏற்றமும் ஒரு பழைய பத்மினியும்

மும்பையில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் போர் காட் மலைச்சரிவு புதியதன்று. விடுமுறைக்கு ஊர் செல்லச் சென்னை மெயிலில் ஏறிய குழந்தைகள், கர்ஜத் நிலையத்தில் வண்டியின் பின்புறம் துணை இஞ்சின்கள் வந்து கோத்துக்கொள்வதைச் சன்னலில் தலை நீட்டிப் பார்த்தே வளர்ந்தவர்கள். முப்பத்தேழு அடிக்கு ஓர் அடி வீதம் உயரும் அந்த இருப்புப் பாதை 1863 இல் திறக்கப்பட்டது. லோணாவளா வரை பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்க ஆள் உண்டு என்பதால், மலையேற்றத்தின் கடுமை நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. மோட்டார் வண்டிக்கோ அத்தகைய துணை கிடையாது. தன் நெஞ்சின் வலிமையையே நம்பி அது ஏறவேண்டும்.

எங்கள் வீட்டு வண்டி 1987 ஆம் ஆண்டின் பத்மினி. குர்லாவிலிருந்த பிரீமியர் ஆலையில் பிறந்தது. இத்தாலிய பியட் 1100 இன் வழிவந்த 1089 சி.சி. இஞ்சின் கொண்டது. இதன் உடன்பிறப்புகள் கறுப்பும் மஞ்சளும் பூசிக்கொண்டு இந்நகரின் தெருக்களை ஆண்டு, 2023 அக்டோபரில் வாடகைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. சொந்த வண்டிகளுக்கு அந்த விதி இல்லை. பதினைந்து ஆண்டு கடந்தபின் ஐந்தாண்டுக்கொருமுறை தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டால் ஓட்டலாம். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு 1961 இல் கும்பகோணத்திலிருந்து வந்திறங்கிய எங்கள் தகப்பனார், இருபத்தாறு ஆண்டு உழைப்புக்குப் பின் வாங்கிய வண்டி இது. இப்போது அவரால் ஓட்ட இயலாது. எனினும், புனேயிலுள்ள தம் தங்கையைப் பார்க்கச் செல்லும்போது இதே வண்டியில், பழைய சாலை வழியாகவே செல்லவேண்டும் என்றார். "ரயிலில் போகலாமே, அப்பா" என்று நாங்கள் சொன்னதற்கு விடை வரவில்லை. எண்பத்துமூன்று வயதில் ஒருவர் வாய் திறந்து கேட்பது அரிது. கேட்டபின் மறுப்பது அதனினும் அரிது.

ஆனால் மலைச்சரிவின் நடுவே ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் என்ன ஆகும்? சில நிமிடங்களில் நீர் முழுதும் ஆவியாகப் போய்விடும். நீரின்றி ஓட்டினால் இஞ்சினின் அலுமினியத் தலை கோணிக்கொள்ளும். நிழலற்ற வளைவில் முதியவர் ஒருவரை வைத்துக்கொண்டு நிற்கவேண்டிய நிலையை நினைத்தபோது, வண்டியின் உயிரைவிட அதுவே எங்களை அதிகம் அச்சுறுத்தியது. ஆகவே புறப்படுவதற்கு இரு வாரம் முன்பே குர்லாவின் சி.எஸ்.டி. சாலைக்கு வண்டியைக் கொண்டு சென்றோம்.

அந்தச் சாலையைப் பார்த்திராத அன்பர்கள் ஒருமுறை சென்று பார்க்கலாம். கழற்றப்பட்ட கதவுகளும் கண்ணாடிகளும் சக்கரங்களும் கடைவாசல்களில் மலைபோல் குவிந்திருக்கும். பத்மினியை உருவாக்கிய ஆலை மூடிப் பல்லாண்டு ஆகியும், அதற்கான உறுப்புகளை எந்தக் கடையில் கேட்கவேண்டும் என்று அங்குள்ள சிறுவனும் சொல்வான். பிறந்த ஊரிலேயே வைத்தியமும் கிடைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு உண்டு!

குளிர்ந்த இஞ்சினில் குழாய்களை விரலால் அழுத்திப் பார்த்தார் மெக்கானிக். மேல் குழாய் காய்ந்த முருங்கைக்காய்போல் விறைத்திருந்தது. கிளிப்பின் அருகே மெல்லிய வெடிப்புகள். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குச் செல்லும் கீழ்க் குழாயோ வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அறுத்துப் பார்த்தபோது உள் ரப்பர் நைந்து, தோல் தோலாக உரிந்து தொங்கியது. இந்தக் கீழ்க் குழாய்தான் ஏமாற்றுவது. பம்பு நீரை உறிஞ்சும் பக்கம் அது. வலுவிழந்தால் வேகத்தில் உட்புறமாகச் சப்பிக்கொண்டு நீரோட்டத்தை அடைத்துவிடும். வண்டி நிற்கும்போது மீண்டும் உருண்டையாகி, ஒன்றும் அறியாததுபோல் இருக்கும்.

பிறகு இஞ்சின் தலையிலிருந்து நீர் வெளியேறும் வாயிலின் மூடியைத் திறந்தார். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை! என்றோ ஒரு பணிமனையில் எவரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார். குளிர்கால விடியலில் சூடு காட்டும் முள் எழாமலே கிடந்ததற்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவானதற்கும் காரணம் அன்றுதான் விளங்கிற்று.

"இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு, பாபுஜி? அது மாட்டிக்கொண்டால்தான் வண்டி கொதிக்கும்" என்றார் மெக்கானிக். நம் நாடெங்கும் இக்கருத்து பரவியிருக்கிறது. முற்றிலும் பொய்யென்றும் சொல்ல இயலாது. மூடியபடியே இறுகிப்போன தெர்மோஸ்டாட் இஞ்சினைக் கொல்லவே செய்யும். ஆனால் அதற்கு மருந்து புதியதொன்றைப் பொருத்துவதே. எங்கள் தகப்பனார் தமக்குத் தெரிந்த இந்தியில், "வெளியே வெயில் அடிக்கிறது என்பதற்காக உலை கொதிக்காமலே அரிசியைப் போடுவார்களா, பாய்?" என்று கேட்டார். மெக்கானிக் சிரித்துவிட்டுப் பையனைக் கடைக்கு அனுப்பினார்.

அந்த உலைக்கணக்கு சரியானதுதான். இஞ்சினுக்குத் தகுந்த சூடு வெளி வெயிலில் கிடைப்பதன்று. நீர் எண்பது டிகிரிக்கு மேல் சென்றாலொழிய அதன் வேலை செம்மைப்படாது. சூடு போதாவிடில் பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரில் படிந்து, அங்குள்ள எண்ணெயைக் கழுவிவிடும், எண்ணெயில் ஈரம் சேர்ந்து களிம்பு கட்டும், தேய்மானம் மிகும். தெர்மோஸ்டாட்டின் அமைப்போ வியக்கத்தக்க எளிமையுடையது. சிறு செப்புக் குப்பியில் மெழுகு. சூடேறினால் மெழுகு உருகிப் பருத்து ஊசியைத் தள்ளும். ஊசி வால்வைத் திறக்கும். நீர் ரேடியேட்டருக்குப் பாயும். குளிர்ந்தால் வில்சுருள் மீண்டும் மூடிவிடும். மின்சாரமும் வேண்டாம், மனிதனும் வேண்டாம்.

வாங்கியதை அப்படியே பொருத்தவில்லை. வீட்டிற்குக் கொண்டுவந்து, அம்மா ஒதுக்கித் தந்த பழைய ஈயப் பாத்திரத்தில் நீர் வைத்து, அடியில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டோம். அண்ணி தாம் கற்பிக்கும் பள்ளியிலிருந்து வெப்பமானி கொண்டுவந்தார். உறுப்பின் மேல் 82 என்று பொறித்திருந்தது. முள் அந்த எண்ணைத் தொட்டபோது வால்வு மெல்ல அசைந்தது. தொண்ணூற்றைந்துக்குள் முழுதும் விரிந்தது. குழந்தைகள் கைதட்டினர். மறுநாள், மெழுகுக் குப்பி இஞ்சினை நோக்கியிருக்கும்படி வைத்து, பழைய காகிதப் பேக்கிங்கைச் சுரண்டி நீக்கிப் புதியது இட்டு மூடினார் மெக்கானிக். இரு குழாய்களும் நான்கு கிளிப்புகளும் ரேடியேட்டர் மூடியும் புதியவை. குழாய் நீருக்குப் பதில், வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி. பழைய நீரைச் சாக்கடையில் விடாமல் தகரத்தில் பிடிக்கச் சொன்னோம். கூலண்ட் இனிப்பானது, தெருநாய் நக்கினால் இறந்துபோகும்.

செம்பூரிலிருந்து விடியலில் புறப்பட்டு, வாஷிப் பாலம் கடந்து, பன்வேல் வழியாகக் கோபோலி அடைந்தோம். அங்கிருந்துதான் ஏற்றம். கடல் மட்டத்தையொட்டிய தரையிலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல் லோணாவளா உயர்ந்து நிற்கிறது. அவ்வுயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் தடுக்கவே ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. கொதிக்கும் வண்டியின் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் அந்த அழுத்தத்தை மறந்தவர்களே.

இரண்டாம் கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. 1830 இல் ஆளுநர் மால்கம் காலத்தில் திறக்கப்பட்ட பாதையின் வழிவந்த சாலை இது. வழியில் சிங்ரோபா கோயில். ஆங்கிலேயப் பொறியாளருக்கு மலைவழி காட்டிய ஆட்டிடையன் நினைவாக எழுந்தது என்பர். ஓட்டுநர்கள் அங்கே காசு எறிந்து செல்வது வழக்கம். தகப்பனாரும் எறிந்தார். அருகே ஒரு சிறு லாரி முகப்பைத் திறந்து ஆவி கக்கிக்கொண்டிருந்தது. எங்கள் முள்ளோ நடுவே ஏறி நின்றது. மேலும் ஏறவில்லை, இறங்கவுமில்லை.

பழைய சாலை சற்றுத் தொலைவு விரைவுச் சாலையோடு கலக்கும் இடத்தில், "அமிர்தாஞ்சன் பாலம் எங்கே?" என்று கேட்டார் தகப்பனார். 1830 இல் கட்டிய அந்தக் கல் பாலம் 2020 ஏப்ரலில் இடிக்கப்பட்டதைச் சொன்னோம். நாகேஸ்வர ராவ் 1893 இல் இதே பம்பாயில் தொடங்கிப் பின்னர் சென்னைக்குக் கொண்டுசென்ற தைலத்தின் விளம்பரமே அதற்குப் பெயர் தந்தது. சென்னைப் பெயரொன்று இம்மலையில் நிற்கிறதே என்று ஒவ்வொரு முறையும் மகிழ்ந்தவர் அவர். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு முன்னால் சாய்ந்து சூடு காட்டும் முள்ளைப் பார்த்து, "நிற்கிறதே!" என்றார்.

புனேயில் அத்தை வாசலிலேயே காத்திருந்தார். அண்ணனைப் பார்க்குமுன் வண்டியைத்தான் பார்த்தார். மறுநாள் காலை இஞ்சின் குளிர்ந்திருந்தபோது நான்கு கிளிப்புகளையும் அரைத் திருகு இறுக்கினோம். புது ரப்பர் முதற்சூட்டில் சற்று அமிழும். கூலண்ட் இரு விரற்கடை குறைந்திருந்தது, நிரப்பினோம். இறக்கத்திற்கு அது போதும்.